கூப்பிட்ட குரலுக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள நெட்டைக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அது எப்போதும்போல் தனிக்கட்சி.

மூன்று வாரமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. நம் கால்பந்து கிளப் ஆபீசில் நச்சரித்ததில் ஒரு துண்டுச்சீட்டில் உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் பேனாவைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷம் வெளியூர் ஆட்டங்களுக்குப் போன இடத்திலெல்லாம் ஒரே அறையில் படுத்தோம். உன் குறட்டை எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஆனால் உனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதை நான் எங்கே தெரிந்துகொள்கிறேன்? காபிக்கடையில், பக்கத்து மேஜைக்காரன் விரித்து வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில்! "நான் தன்பாலீர்ப்பாளன், இனி ஒளிக்கப் போவதில்லை" என்று உன் போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில். அந்த ஆள், "உங்க கீப்பர்தானே சார் இது? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமையே கோப்பை அரையிறுதி. அதைப் பற்றி இப்போது வேண்டாம். தோற்றோம், அவ்வளவுதான். உன்னைச் சீசன் முடியும்வரை 'ஓய்வில்' இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்றும் பேச்சு.

உடைமாற்றும் அறையில் உன் அலமாரிக் கதவில் எவனோ உதட்டுச்சாயத்தால் என்னவோ கிறுக்கி வைத்திருந்தான். நான் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். யார் என்று கேட்கவில்லை.

"எங்க அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடறாரான்னு கேட்டு எழுதுங்க" என்று உன் தங்கச்சி சொல்கிறாள். பையன் நெட்டை மாமா எங்கே என்று தினமும் உயிரை எடுக்கிறான். பதில் போடு.

உன்,
மொட்டை


பிப்ரவரி 17

மச்சான்,

கடிதம் கிடைத்தது. ஏழு பிழை. எண்ணினேன். நீ கையெழுத்துப் போட்டு எழுதினாலும் ஊர் அதை மொட்டைக் கடிதம் என்றுதான் சொல்லும், என்ன செய்வது, பெயர் ராசி.

என் நம்பரை யாரோ பரப்பிவிட்டார்கள். ஒரே நாளில் நானூறு அழைப்பு. முதல் பத்தை எடுத்தேன். அவர்கள் சொன்னதை உனக்கு எழுத மாட்டேன், தங்கச்சியும் படிப்பாள். போனை ஒரு பழைய பூட்ஸுக்குள் திணித்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன்.

நான் இருப்பது ஒரு பல் டாக்டர் வீட்டில். கீழே க்ளினிக், மேலே இரண்டு அறை. காலை ஒன்பது மணிக்கு மேல் தரை வழியாக அந்த டிரில் சத்தம் கேட்கும், எனக்குப் பழகிவிட்டது. நாலு வருஷம் முன்னால் பயிற்சியில் உன் முழங்கை என் முன்பல்லை உடைத்ததே, அப்போது நீயே காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் விட்டாய். அவர்தான் இவர். போன வருஷம் இந்த ஊருக்கு மாறி வந்தார். ஆகவே எங்களுக்குத் தரகர் நீதான். கமிஷன் கிடையாது, பல் ஒன்று ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொல்ல வந்தேன். ஒரு தடவை டீம் பஸ்ஸில் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நீ எதிரணி ஆட்டக்காரன் ஒருவனின் நடையைப் பற்றி ஒரு ஜோக் அடித்தாய். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு தைரியம் வரவில்லை.

இப்போது அரையிறுதி. நீ வேண்டாம் என்றாலும் நான் பேசியாக வேண்டும்.

கீப்பர் 'விடு' என்று கத்தினால் எதிரணிக்காரனும் அதையே கத்தி ஏமாற்றுவான். அதனால் நாம் இருவரும் தனியாக ஒரு சொல் வைத்துக்கொண்டோம். உன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து நீ எனக்கு மச்சான். நான் 'மச்சான்' என்று கத்தினால் பந்து என்னுடையது, நீ விலக வேண்டும். ஒன்பது வருஷம் நீ விலகினாய். அன்றும் கத்தினேன். உனக்குக் கேட்டது, உன் தோள் திரும்பியதைப் பார்த்தேன். ஆனாலும் குதித்தாய். பந்து உன் தலையில் பட்டு, நான் விட்டுவிட்டு வந்த காலி கோலுக்குள் போனது. சேம் சைடு கோல்.

நிருபர்கள் மைக்கை நீட்டியபோது, "நான் கூப்பிடவில்லை, தப்பு என்னுடையது" என்றேன். உனக்குக் கேப்டன் பட்டை கட்டி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. நான் அந்த வாரம் ஏற்கெனவே ஊரெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று நினைத்தேன்.

இப்போது மலைப்பக்கத்து ஊர் கிளப் ஒன்று என்னைக் கேட்கிறது. அந்தக் கோச் நேரில் வந்தார். "உங்க சொந்த வாழ்க்கை எனக்கு ஒரு விஷயமே இல்ல. ஆனா கூப்பிடாத கீப்பர் எனக்கு வேண்டாம். அன்னிக்கு ஏன் வாயத் திறக்கல?" என்று கேட்டார். நான் இப்போது போய் 'கூப்பிட்டேன்' என்றால் யார் நம்புவார்கள்? எனக்கு முப்பத்து நான்கு வயது. இதற்குப் பிறகு வேறு கதவு இல்லை.

நீதான் சொல்ல வேண்டும். அவருக்கு நாலு வரி எழுது. கீப்பர் கூப்பிட்டார், எனக்குக் கேட்டது, நான் விலகவில்லை என்று. கீழே உன் பெயர். விலாசம் இத்துடன்.

நெட்டை


மார்ச் 1

அன்புள்ள நெட்டை,

உன் கடிதத்தைக் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகத் தைரியம் இல்லை.

ஆமாம். கேட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டாம் பாதியில் நம் கோலுக்குப் பின்னால் எதிரணி ரசிகர்கள் நின்றார்கள். நீ என்னை ஒரு தடவை கூப்பிட்டதைக் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பந்து வரும்போதெல்லாம் கூட்டம் முழுக்க "மச்சான்! மச்சான்!" என்று முத்தச் சத்தத்தோடு கத்தியது. நீ பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கார்னர் வந்தபோது உன் குரலும் அவர்கள் குரலும் சேர்ந்தே வந்தன. எது உன்னுடையது என்று தெரியாமல் இல்லை. விலகினால் அவர்கள் கூப்பிட்டதற்கு நான் போனதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. ஒரு நொடிதான். குதித்துவிட்டேன்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எவனோ, "உங்கப்பா அந்த ஆளோட மச்சானாமே" என்று கேட்க, பையன் அவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்திருக்கிறான். ஏழு வயதுப் பிள்ளை. டீமில் எவனும் என் முகத்துக்கு நேராக எதுவும் சொல்வதில்லை. ஆனால் வெளியூர் ஆட்டத்துக்கு அறை பிரிக்கும்போது, "கேப்டனுக்குத் தனி ரூம் போட்டுருங்க, பழக்கதோஷம்" என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அந்த ஒன்பது வருஷத்தில் என்மேல் உனக்கு அப்படி ஏதாவது இருந்ததா? உண்மையைச் சொல், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோச்சுக்கு எழுதுகிறேன். என்னிடம் விட்டுவிடு.

மொட்டை


மார்ச் 8

மச்சான்,

இல்லை.

இன்னும் விவரமாக வேண்டுமானால்: உன் சாக்ஸ் நாற்றத்தில் ஒன்பது வருஷம் தூங்கியவனுக்கு உயிர் மிஞ்சியதே பெரிது, இதில் காதல் வேறா? கண்ணாடியில் உன் மூஞ்சியை நீ பார்த்ததே இல்லையா? டாக்டரிடம் உன் கேள்வியைப் படித்துக் காட்டினேன். நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க, அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகு நான் கொஞ்ச நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். டவலைக் கட்டிக்கொண்டு நீ என் முன்னால் நடந்த ஒவ்வொரு நாளையும் இப்போது நீ திரும்ப நினைத்துப் பார்க்கிறாய் அல்லவா, அதுதான் என்னைக் குத்துகிறது. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் தோளைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தேனே, அதையும் ஒரு கணக்கில் சேர்த்துவிடாதே. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை உனக்கு வேண்டாம்.

பையன் சண்டை போட்டது கேட்டு வருத்தம். கொஞ்சம் பெருமையும். தங்கச்சியிடம் அவனை அடிக்க வேண்டாம் என்று சொல்.

நான் தினமும் பயிற்சி செய்கிறேன். க்ளினிக்குக்குப் பின்னால் பஸ் டெப்போவின் நீளமான சுவர் ஒன்று இருக்கிறது. மத்தியானம் நோயாளி இல்லாத நேரம் டாக்டர் வந்து எனக்குப் பந்து அடிப்பார், ஆபீஸ் ஷூவோடு. பத்தில் மூன்று கோலுக்கு வரும், மற்றது டெப்போவுக்குள். கண்டக்டர்கள் இப்போது அவரை மாமா என்று கூப்பிடுகிறார்கள்.

"உங்க ஃப்ரெண்டு நிஜமாவே எழுதுவாரா?" என்று அவர் நேற்று கேட்டார். கூப்பிட்ட குரலுக்கு வருபவன், கவலைப்படாதீர்கள் என்றேன். கோச் இருபதாம் தேதி முடிவு செய்கிறார்.

நெட்டை


மார்ச் 26

மச்சான்,

மலைப்பக்கத்துக் கோச் க்ளினிக் போனுக்குக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பி, பேர் இல்லாம ஒரு லெட்டர் வந்திருக்கு. டைப் அடிச்சது. கீப்பர் கூப்பிட்டார், டிஃபெண்டருக்குக் கேட்டுச்சு, அவர்தான் விலகலன்னு இருக்கு. நீங்களே எழுதினீங்களா, இல்ல அந்த டாக்டர் எழுதினாரா? எதுவா இருந்தாலும் இது சரியில்ல தம்பி. தப்பு பண்ணினா தப்புன்னு ஒத்துக்கிட்ட மனுஷன்னுதான் உங்கள எனக்குப் பிடிச்சிருந்துது."

மரியாதையாகத்தான் பேசினார். கத்தியிருந்தால் தேவலை. நான் எழுதவில்லை என்றேன். "அப்ப யார்?" என்றார். எனக்கு உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துவிட்டார்களாம்.

டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். யார்மேலும் கோபித்துப் பழக்கமில்லாத ஆள். அன்றைக்கு க்ளினிக்கைப் பூட்டிவிட்டு மாடிக்கு வந்து, என் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

நீயா?

நெட்டை


ஏப்ரல் 2

அன்புள்ள நெட்டை,

நான்தான்.

நாலு வரி எழுதிவிட்டேன். பெயர் போட வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கடிதம் யார் கையிலாவது சிக்கி, பேப்பரில் வந்து, 'மச்சானைக் காப்பாற்றினார் கேப்டன்' என்று போட்டால்? பையன் பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. உண்மைதானே முக்கியம், பெயரா முக்கியம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கையெழுத்து தெரியக் கூடாது என்று கிளப் ஆபீசில் ஆள் இல்லாத நேரம் டைப் அடித்து, நாலு தெரு தள்ளிப் போய்த் தபால்பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு வரும்போது மனசு லேசாகக்கூட இருந்தது. உன்னைச் சந்தேகப்படுவார்கள் என்று இந்த மண்டைக்கு எட்டவே இல்லை. இது இரண்டாவது சேம் சைடு கோல்.

உன் தங்கச்சி உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். "உங்க பேருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு எங்க அண்ணன் பேரக் கெடுத்துட்டீங்க" என்றாள். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்கிறேன்.

நேற்று ரயில் ஏறிப் போய்க் கோச்சை நேரில் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "இத மூணு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா இன்னிக்கு அவர் என் கோல்ல நின்னிருப்பார். இப்ப அந்தப் பையன்கிட்ட நான் என்ன சொல்றது?" என்றார். பேப்பருக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

என்ன செய்தால் சரியாகும் சொல். எதுவானாலும் செய்கிறேன். என்னை மன்னிப்பாயா?

மொட்டை


ஏப்ரல் 20

அன்புள்ள மொட்டைக்கு,

நேரில் போய்ச் சொன்னதற்கு நன்றி. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோலை நான் அப்போதே, பந்து வலையில் கிடக்கும்போதே மன்னித்துவிட்டேன். கடிதத்தை முடியவில்லை. கோலுக்கு முன்னால் உனக்கு ஒரு நொடிதான் இருந்தது, ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். கடிதத்துக்கு உனக்கு மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது, மூன்று வாரம் இருந்தது. யாரும் கத்தவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது, மனசு ஆறவில்லை.

பழைய கிளப் என்னை முன்கூட்டியே விடுவித்துவிட்டது. இங்கே பேப்பர் மில் தொழிலாளர் அணி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம். மைதானத்தில் பாதி புல், பாதி மண். முதல் நாள் எல்லோரும் என்னைச் சுற்றி ஒரு மாதிரி நின்றார்கள். பாய்லரில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான் டிஃபென்ஸ். "பேப்பர்ல போட்டதெல்லாம் இருக்கட்டும், கார்னர் வந்தா வெளிய வருவீங்களா மாட்டீங்களா?" என்றார். வருவேன் என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார்.

ஆட்டக்காரர்கள் சரியாகிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள்தான். என்னைத் திட்டினால் எனக்குக் கையுறை இருக்கிறது, பந்து இருக்கிறது, வேலை இருக்கிறது. டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகிவிடுகிறது. போன வாரம் யாரோ பழத்தோலை எறிந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருந்தார். இனி வராதீர்கள் என்று கெஞ்சினேன். கேட்க மாட்டேன் என்கிறார்.

என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டாய். மே பத்தாம் தேதி வா. உங்கள் சீசன் அதற்கு முன்பே முடிந்துவிடும். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார். தொண்ணூறு நிமிஷம். பேச வேண்டாம், பேட்டி கொடுக்க வேண்டாம், எனக்காகக் கைதட்டக்கூட வேண்டாம். உன்னை எல்லோருக்கும் அடையாளம் தெரியும், அது போதும்.

வேறு எதுவும் எனக்கு வேண்டாம். இது எனக்கு வேண்டும்.

நெட்டை


மே 13

அன்புள்ள நெட்டைக்கு,

உனக்கு எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. டிக்கெட்டெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். புறப்படும் அன்று காலை பையனுக்குத் திடீரென்று காய்ச்சல். நூற்று மூன்று. விட்டுவிட்டு எப்படி வர முடியும்? டாக்டரிடம் (பல் டாக்டரிடம்தான்) நான் ரொம்ப வருத்தப்பட்டேன் என்று சொல். அடுத்த சீசனில் கட்டாயம் வருவேன்.

நீங்கள் ஜெயித்தது கேட்டு ரொம்ப சந்தோஷம். அந்தப் பெனால்டி! வெயில் நேரே கண்ணில் அடிக்கும்போது, கடைசிவரை அசையாமல் நின்று இடது கையால் தட்டினாயே, இந்த வயதில் அதெல்லாம் யாரால் முடியும்? உனக்கு இன்னும் நாலு வருஷ ஆட்டம் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள். அந்தப் பாய்லர் பெரியவரும் மோசமில்லை, தலையால் நன்றாக ஆடுகிறார்.

வீட்டில் எல்லோரும் விசாரித்தார்கள். கோபம் வேண்டாம். சீக்கிரம் பதில் போடு, காத்திருப்பேன்.

என்றும் உன்,
மொட்டை


மே 19

மொட்டைக்கு,

மில் ஆட்டங்களை எந்தப் பேப்பரும் போடுவதில்லை. வெயில் என் கண்ணில் அடித்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

நான் உன்னைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து ஸ்டாண்டில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாய். முதல் பாதி முடிவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதானே கீப்பருக்கு வேலை. இடைவேளையில் நீ படியிறங்கி, மைதானத்தைச் சுற்றி டாக்டர் இருந்த பக்கம் பாதி தூரம் வந்தாய். பிறகு டீ விற்கும் இடத்தில் நின்றாய். பிறகு திரும்பிப் போய்விட்டாய். அந்தப் பாதி தூரத்தையும் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

டாக்டர் காலையிலேயே போய்த் தன் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்து உனக்கு இடம் பிடித்திருந்தார். அங்கே யாரும் வந்து உட்காரப் போவதில்லை, ஆனாலும் பிடித்து வைத்தார். ஆட்டம் முடியும்வரை பையை எடுக்கவில்லை.

உன்னைப் பார்த்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. உன் கடிதத்தைக் காட்டி, பையனுக்குக் காய்ச்சலாம், அதனால்தான் வர முடியவில்லையாம் என்றேன். அவர் உடனே நம்பிவிட்டார். "நூத்தி மூணா? பாவம். இப்ப எப்படி இருக்கானாம்?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

உனக்காக நான் சொல்லும் பொய் இதோடு சரி.

தங்கச்சிக்கும் பையனுக்கும் என் அன்பைச் சொல்.

நெட்டை